நாற்பது கிலோஹெர்ட்ஸில் வடசென்னை

வண்ணாரப்பேட்டையில் யாரிடமாவது 'உங்கள் தெருவில் வௌவால் உண்டா?' என்று கேட்டால், பாதாம் மரத்துக்கு ராத்திரி வந்து போகும் பெரிய வௌவாலைச் சொல்வார்கள். இல்லாவிட்டால் சொந்த ஊர் ஆலமரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்கியதைச் சொல்வார்கள். இருட்டும் நேரத்தில் விளக்குக் கம்பத்தைச் சுற்றி விசுக்கென்று வளைந்து திரும்பும் சின்னக் கறுப்பு உருவத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குருவி என்று நினைத்துவிடுகிறோம். குருவி அதற்கு முன்பே அடைந்திருக்கும். அது அநேகமாகப் பிப்பிஸ்ட்ரெல் என்ற பூச்சியுண்ணி வௌவால். அந்த வகையில் மிகச் சிறியது மூன்று, நான்கு கிராம்தான் இருக்கும். ஒரு ரூபாய் நாணயத்தின் எடை. சுவர் வெடிப்பு, கடை ஷட்டரின் மேல்பெட்டி, ஓட்டுக்கூரை இடுக்கு, விளம்பரப் பலகையின் பின்புறம், காய்ந்த பனையோலை என்று விரல் நுழையும் இடம் கிடைத்தால் போதும், குடித்தனம் நடத்திவிடும்.

இந்தச் சின்ன வௌவால்களைத் தேடித்தான் உலகின் பல ஊர்களில் தன்னார்வலர்கள், மனிதக் காதுக்கு எட்டாத உயர்ந்த சத்தமான மீயொலியைப் பிடிக்கும் டிடெக்டரோடு இரவில் தெருவில் நிற்கிறார்கள். பிரிட்டனில் 1996 முதலும் பிரான்ஸில் 2006 முதலும் இது தேசிய அளவிலான திட்டமாகவே நடக்கிறது. நம்மூரில் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே கருவியை முறைவைத்துப் பகிர்ந்துகொண்டு செய்தால் பெரிய விஷயம். வடசென்னையில் இதைச் செய்தால் என்ன கேட்கும், கேட்டதை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லவே கூடாது என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடலாம்: டிடெக்டர் எண்ணுவது சத்தத்தை. வௌவாலை எண்ண அதற்குத் தெரியாது. இது புரியாமல் செய்யும் கணக்கெடுப்பு, செய்தித்தாளுக்கு ஒரு தலைப்பு கொடுக்கும். வேறு எதற்கும் உதவாது.

காற்று விழுங்கும் சத்தம்

மனிதக் காதுக்கு ஏறக்குறைய 20 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைதான் கேட்கும். வயது ஏற ஏற அதுவும் குறையும். பூச்சியுண்ணி வௌவால்களில் பெரும்பாலானவை அதற்கு மேலே கத்துகின்றன. 'கத்துகின்றன' என்று சும்மா சொல்லவில்லை. வாய்க்குப் பக்கத்தில் வைத்து அளந்தால் 110 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். கேட்காமல் போனது நம் நல்ல காலம். அந்தக் கத்தல் எதிலாவது பட்டுத் திரும்பும் எதிரொலியை வைத்துத்தான் அவை இருட்டில் வழியையும் இரையையும் கண்டுபிடிக்கின்றன.

1790களில் இத்தாலியில் ஸ்பல்லான்சானி கண்ணில்லாத வௌவாலும் முட்டாமல் பறப்பதைப் பார்த்ததும், ஜெனீவாவில் ஜுரீன் அதன் காதை அடைத்ததும் முட்டிக்கொண்டதும், 1938இல் ஹார்வர்டில் படித்துக்கொண்டிருந்த டொனால்டு கிரிஃபின் இயற்பியல் பேராசிரியர் பியர்ஸ் செய்து வைத்திருந்த மீயொலிக் கருவியின் முன்னால் வௌவால் கூண்டைக் கொண்டுபோய் வைத்ததும் எல்லாப் புத்தகத்திலும் இருக்கும் கதை. மதுரைக் கதையை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எம்.கே. சந்திரசேகரன், ஜி. மாரிமுத்து முதலியோர் இலைமூக்கு வௌவால்களின் உடற்கடிகாரத்தை ஆராய்ந்தார்கள். வெளிச்சமே புகாத குகைக்குள் கூண்டில் அடைத்து வைத்த ஒற்றை வௌவால், தன்னைச் சுற்றியிருக்கும் கூட்டம் தினமும் கிளம்பித் திரும்புவதை உணர்ந்தே தன் கடிகாரத்தை 24 மணி நேரத்தோடு சரிசெய்துகொள்கிறது. கூட்டமில்லாத குகையில் விட்டால் அதன் நேரம் நாளுக்கு நாள் நழுவுகிறது என்று 1981இல் எழுதினார்கள். ஜெர்மனியின் கெர்ஹார்டு நாய்வைலரும் மதுரைக்கு வந்து அவர்களோடு வேலை செய்தார். அந்த ஊர் வௌவால்கள் வானத்தை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்பது அவர் எழுதியதில் தெளிவாக வரும். மரங்களுக்கு மேலே திறந்த வெளியில் வேட்டையாடுபவை தாழ்ந்த அதிர்வெண்ணில் நீளமாகக் கத்தும். கிளைகளுக்கு நடுவிலும் சுவரோரத்திலும் திரிபவை உயர்ந்த அதிர்வெண்ணுக்குப் போய்விடும். உயர்ந்த மீயொலி சின்னப் பூச்சியையும் துல்லியமாகக் காட்டும். ஆனால் காற்று அதைச் சீக்கிரம் விழுங்கிவிடும், தூரம் போகாது. கடலோரத்து ஈரக் காற்றில் இந்த இழப்பு இன்னும் கண்கூடு.

டிடெக்டர் வேலைக்கு இதுதான் அடித்தளம். சென்னை போன்ற கிழக்குக் கரைச் சமவெளி ஊரில் 20 முதல் 30 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்பவை பெரும்பாலும் கல்லறை வௌவால்கள். உயரத்தில், வேகமாக, நேர்கோட்டில் போகும். 35க்கும் 50க்கும் நடுவில் பிப்பிஸ்ட்ரெல்களும் மஞ்சள் வீட்டு வௌவால்களும். 125க்கு மேலே போனால் இலைமூக்கு வௌவால்கள். முதல் வகை எண்பது, நூறு மீட்டர் தூரத்திலிருந்தே மைக்கில் விழும். நடுவில் இருப்பது இருபது, முப்பது மீட்டருக்குள் வர வேண்டும். இலைமூக்கு வௌவால் கருவியிலிருந்து சில அடி தூரத்தில் போனால்தான் உண்டு. ஆகவே ஒரு இரவுப் பதிவில் கல்லறை வௌவால் நிறைய வந்து, இலைமூக்கு வரவே இல்லை என்றால், 'இந்தப் பகுதியில் இலைமூக்கு இல்லை' என்று எழுதிவிட முடியாது. அது நம் மைக் இருந்த பக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

கருவியில் என்ன இருக்கிறது

பழைய மாதிரி டிடெக்டரில் ஒரு திருகு இருக்கும். அதை 40இல் வைத்தால், 45இல் கத்தும் வௌவால் வித்தியாசமான 5 கிலோஹெர்ட்ஸாக ஸ்பீக்கரில் வந்து விழும். ஹெட்டிரோடைன் என்பது இந்த முறைதான். 'டிக் டிக்' என்று காய்ந்த சத்தமாக வந்தால் திருகு சரியான இடத்தில் இல்லை. மெல்ல இறக்கிக்கொண்டே வந்தால் ஓரிடத்தில் அதே சத்தம் 'டப் டப்' என்று ஈரத் துணியை அடிப்பதுபோலக் கனக்கும். வௌவால் அதிக ஆற்றலைச் செலவழிக்கும் அதிர்வெண் அதுதான். விலை குறைவு, கையில் வைத்துக்கொண்டு நடக்கலாம், தெருப் பையன்களுக்கு உடனே கேட்க வைக்கலாம். ஆனால் திருகு நின்ற அதிர்வெண்ணுக்கு அப்பால் கத்துவது எதுவும் தெரியாது.

புதிய கருவிகள் முழு அலையையும் அப்படியே பதிந்துவிடும். 2017 முதல் கிடைக்கும் ஆடியோமாத் போன்ற தீப்பெட்டி அளவுப் பலகைகளும், செல்போனில் செருகும் மைக்குகளும் வந்த பிறகுதான் தன்னார்வலர்கள் கைக்கு இந்த வேலை எட்டியது. இதில் கவனிக்க வேண்டியது மாதிரி எடுக்கும் வேகம், அதாவது கருவி நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது. எவ்வளவு உயரத்துச் சத்தம் வேண்டுமோ அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைக்க வேண்டும். 384 கிலோஹெர்ட்ஸில் வைத்தால் 192 வரை கிடைக்கும், நம் ஊருக்குத் தாராளம். மெமரி கார்டு நிறைந்துவிடுகிறதே என்று யாராவது 96க்கு இறக்கினால் 48க்கு மேல் எல்லாம் வெட்டுப்பட்டுவிடும். இலைமூக்கு வௌவால் மொத்தமாகப் போகும். பிப்பிஸ்ட்ரெல்லின் கத்தலிலும் மேல்பாதி காணாமல் போகும். பதிவு ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும் என்பதுதான் இதில் தொல்லை.

பதிந்ததைக் கணினியில் விரித்துப் பார்த்தால் ஒவ்வொரு கத்தலும் ஒரு சின்னக் கோடு. பிப்பிஸ்ட்ரெல்லின் கோடு மேலிருந்து சரிந்து வந்து, கீழே வளைந்து ஓய்ந்து நிற்கும். கல்லறை வௌவாலுடையது ஏறக்குறையப் படுத்த கோடு, அதன் மேலே அடுக்கடுக்காக மங்கலான நிழல்கள். இலைமூக்கு நேராகப் போய்க் கடைசியில் ஒரு வெட்டு வெட்டி இறங்கும். இவற்றைவிட நான் ஆவலாகத் தேடுவது வேறொன்று. சாதாரணமாகப் பறக்கும்போது நொடிக்குப் பத்துக் கத்தல் சுமாராக இருக்கும். பூச்சியை நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, கடைசி நொடியில் நூறைத் தாண்டி, கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வேலி போலத் தெரியும். காதில் அது ஒரே 'ட்ர்ர்ர்ப்'. அந்த இடத்தில் வௌவால் இரை பிடிக்கப் பாய்ந்திருக்கிறது. சும்மா கடந்து போகும் தெருவுக்கும் சாப்பாடு கிடைக்கும் தெருவுக்கும் உள்ள வேறுபாடு இந்தச் சத்தத்தில்தான் இருக்கிறது. கணக்கெடுப்புப் படிவத்தில் இதற்குத் தனிக் கட்டம் வேண்டும் என்பேன்.

வடசென்னையின் பொய் வௌவால்கள்

வெளியூர்க் கையேட்டை வைத்துக்கொண்டு வடசென்னைக்கு வருபவர் முதலில் திண்டாடுவது இங்கேதான். இந்தப் பகுதி காதுக்கே இரைச்சலான பகுதி. காதுக்குக் கேட்காத இரைச்சல் அதைவிட அதிகம்.

எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும். ஒவ்வொன்றும் பிரேக்கை விடும்போது வரும் 'புஸ்ஸ்' நம் காதோடு நிற்பதில்லை, மீயொலி வரைக்கும் அகலமாகப் பரவும். பதிவில் மேலிருந்து கீழ் வரை ஒரு சாம்பல் சுவர்போல நிற்கும். அதன் பின்னால் வௌவால் போனாலும் தெரியாது. அழுத்தத்தில் இருக்கும் வாயு எங்கே கசிந்தாலும் இதே கதைதான். மணலி, எண்ணூர்ப் பக்கம் குழாய்களுக்கு ஓரத்தில் கருவியை வைத்தால் இரவு முழுக்க ஒரே சீறல் பதிவாகும். தொழிற்சாலைகளில் வாயுக் கசிவைக் கண்டுபிடிக்கவே இந்த மாதிரி மீயொலிக் கருவிகளைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை நினைத்தால் இது ஆச்சரியமில்லை.

கார்கள் இன்னொரு வகை. பின்னால் எடுக்கும்போது பீப் அடிக்கும் பார்க்கிங் சென்சார் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸில் மீயொலி அனுப்பும். பிப்பிஸ்ட்ரெல் இருக்கும் அதே இடம்! ஹெட்டிரோடைன் டிடெக்டரைப் பிடித்துக்கொண்டு நிற்பவர், தெருமுனையில் யாரோ காரைத் திருப்பும்போது 'வந்துடுச்சு' என்று துள்ளுவது நடக்கும். வித்தியாசம் தாளத்தில் இருக்கிறது. சென்சாரின் துடிப்பு அச்சடித்தாற்போல ஒரே இடைவெளியில், ஒரே அதிர்வெண்ணில் வரும். உயிருள்ளது அப்படி வராது. ஒவ்வொரு கத்தலும் முந்தியதிலிருந்து கொஞ்சம் விலகியே இருக்கும்.

அத்திப்பட்டு அனல்மின் நிலையப் பக்கத்திலிருந்து கிளம்பும் உயர் அழுத்தக் கம்பிகளின் கீழே இன்னொரு சங்கதி. பீங்கான் இன்சுலேட்டரில் கடல் உப்பும் தூசியும் படிந்து, பனியில் ஈரமானால் மின்சாரம் காற்றில் கசிந்து சடசடக்கும். மீயொலியில் அது இன்னும் பலமாகக் கேட்கும். அப்புறம் எல்.இ.டி. விளக்குக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் 'டிரைவர்' என்ற சின்னச் சுற்று, கடைக்காரர் மாட்டி வைத்திருக்கும் எலி விரட்டி, மழை விட்ட மறுநாள் புதரிலிருந்து வெட்டுக்கிளி. இவ்வளவும் போதாதென்று கணக்கெடுக்க வந்தவர் பாக்கெட்டில் இருக்கும் சாவிக்கொத்து வேறு. சாவி உரசும் ஒலியில் மீயொலி ஏகத்துக்கும் உண்டு. ஒரு வகையில் நல்லது, கருவி வேலை செய்கிறதா என்று சோதிக்க அதைக் குலுக்கினால் போதும்.

ஆகவே வடசென்னையில் இடம் தேர்ந்தெடுப்பதே பாதி வேலை. ரெட்டேரிக் கரையில் நெடுஞ்சாலையிலிருந்து தள்ளி ஓரிடம், மாதவரம் தாவரவியல் பூங்காவின் சுற்றுச்சுவர் ஓரம், பக்கிங்காம் கால்வாய்க்கு மேலே வாகனம் குறைந்த ஒரு பாலம், எண்ணூர்க் கழிமுகத்தில் ஆற்றைப் பார்த்த திறந்த கரை. இப்படி ஏழெட்டு இடங்களை முடிவு செய்து, மாற்றாமல் அங்கேயே திரும்பத் திரும்பப் போக வேண்டும். துறைமுகம், சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் ஆகியவற்றின் சுவரோரம் கருவியைப் பொருத்துவது அனுமதியில்லாமல் ஆகாது. அங்கெல்லாம் கேள்வி கேட்கக் காவல் இருக்கும், கேட்பதும் நியாயம். உள்ளூர்க் காவல் நிலையத்தில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டுப் போவது எல்லாருக்கும் நிம்மதி.

அக்கா சொன்ன பெருசு

சூரியன் மறையும் நேரத்தில் தொடங்கி இரண்டு மணி நேரம்தான் முக்கியம். சென்னையில் நவம்பரில் ஐந்தே முக்காலுக்கு முன்பே இருட்டத் தொடங்கிவிடும். ஜூலையில் ஆறரையைத் தாண்டும். கடிகார நேரத்தை வைத்துக்கொண்டு 'தினமும் ஆறரைக்கு' என்று போனால் மாதத்துக்கு மாதம் ஒப்பிட முடியாமல் போகும். மறைவு நேரத்திலிருந்து இத்தனை நிமிடம் என்றுதான் எழுத வேண்டும். நிலா, காற்று, மழை, விளக்கு எரிந்ததா என்பதும் படிவத்தில் வர வேண்டும். மின்தடை ஏற்பட்ட அரை மணி நேரம் தனியாகக் குறித்து வைக்க வேண்டிய பொக்கிஷம். விளக்கு இருக்கும்போதும் இல்லாதபோதும் அதே தெருவை ஒப்பிட வேறு எப்படி வாய்ப்புக் கிடைக்கும்?

தண்டையார்பேட்டையில் ஒரு தெருமுனை. கம்பில் மைக்கைக் கட்டி உயர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தோம். இட்லிக் கடை அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னா தம்பி, டவர் வெக்கப் போறீங்களா?"

"இல்லக்கா. வௌவால் கத்துறதக் கேக்குறோம்."

"வௌவாலா? அது எங்க கத்துது? பேசாம துன்னுட்டுப் போவுது."

ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பியதும் 'டப் டப் டப்' என்று வந்து, தலைக்கு மேலே ஒரு சின்னது விளக்கைத் தொட்டுத் திரும்பியது. அக்கா அண்ணாந்து பார்த்தார்.

"அய்ய, இத்தினூண்டுதா? நான் சொன்னது பெருசு. அந்த பாதாம் மரத்துக்கு வரும். நைட்டெல்லாம் கடிச்சித் துப்பிட்டு, காலைல பாத்தா ஆட்டோ மேலெல்லாம் அசிங்கமா கிடக்கும்."

அக்கா சொன்ன பெருசு எந்த டிடெக்டரிலும் வராது. குட்டைமூக்குப் பழ வௌவாலும், மீட்டருக்கு மேல் சிறகு விரிக்கும் இந்தியப் பெரும் பழந்தின்னியும் கண்ணையும் மூக்கையும் நம்பிப் பறப்பவை. எதிரொலி அவற்றுக்குத் தேவையில்லை. பழந்தின்னிகளில் ரூசெட்டஸ் வகை மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும். பூச்சியும் தவளையும் தின்னும் போலி ரத்தக்காட்டேரி வௌவால் வேறு மாதிரி. அதற்கு மீயொலி உண்டு, ஆனால் முணுமுணுப்பாகத்தான் விடும். இரை சருகில் நகரும் சத்தத்தை வைத்தே பிடித்துவிடும் என்பதையும் மதுரையில்தான் காட்டினார்கள். டிடெக்டரை மட்டும் நம்பினால் ஊரில் உருவத்தில் பெரிய வௌவால்கள் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

அதனால் அக்காவின் சாட்சியத்துக்குத் தனிப் படிவம் வேண்டும். எந்த மரம், எந்த மாதம், கீழே என்ன கிடக்கிறது. சாறு உறிஞ்சித் துப்பிய நார் உருண்டை, பல் பதிந்த பாதாம், மகிழம்பழக் கொட்டை. திருவொற்றியூர் தியாகராஜர் கோயிலின் தலமரமான மகிழ மரம், சுந்தரர் சங்கிலி நாச்சியாருக்குச் சத்தியம் செய்த கதையால் பெயர் பெற்றது. மகிழம் பழுத்தால் பழ வௌவாலுக்கும் அது விருந்துதான். நெட்டிலிங்க மரத்திலும் பனையிலும் குட்டைமூக்கு ஆண் வௌவால் நரம்பையும் தண்டையும் கடித்துக் கடித்துக் கூடாரம்போலக் குடைந்து தங்கும். பகலில் ஒரு டார்ச்சும் பொறுமையும் இருந்தால் பார்த்துவிடலாம். பெரும் பழந்தின்னிகள் தங்கும் மரங்களைத் தன்னார்வலர்கள் எண்ணி அனுப்பும் வேலையை கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜூ அவுட்ரீச் அமைப்பு தெற்காசிய அளவில் ஒருங்கிணைத்திருக்கிறது. அதற்குக் கருவியே வேண்டாம். மாலையில் மரத்தடியில் நின்று, கிளம்புவதை எண்ணினால் போதும்.

பெயர் வைப்பதில் அவசரம்

பதிவைப் போட்டால் இனத்தின் பெயரைத் தானே சொல்லும் மென்பொருள்கள் இருக்கின்றன. அவற்றில் பல ஐரோப்பிய, அமெரிக்க வௌவால்களின் ஒலியை வைத்துப் பழக்கப்பட்டவை. வியாசர்பாடியில் பதிந்ததைக் கொடுத்தாலும் தனக்குத் தெரிந்ததில் நெருக்கமான பெயரைச் சொல்லிவிடும். அப்படித்தான் ஐரோப்பாவை விட்டு நகராத இனமெல்லாம் கொருக்குப்பேட்டையில் பறந்ததாகப் பட்டியலில் ஏறுகிறது. நம் பக்கத்து ஒலிகளுக்கு வழிகாட்டி இல்லாமல் இல்லை. வால்பாறைப் பகுதியில் பிடித்துப் பதிந்து விட்ட வௌவால்களை வைத்துத் தெற்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கான ஒலி அடையாளங்கள் 2014இல் வெளிவந்தன. ஆனால் மலைக்காட்டில் இருப்பதும் கடலோரத் தெருவில் இருப்பதும் ஒரே கூட்டம் இல்லை. அதே இனமே நெருக்கமான சந்தில் ஒரு மாதிரியும் ஏரிக்கரை வெட்டவெளியில் வேறு மாதிரியும் கத்தும்.

எனக்குத் தோன்றும் வழி: இனத்தின் பெயரை எழுதாமல் ஒலிக்குழுவை எழுதுவது. '20–30, படுத்த கோடு', '35–50, வளைந்த கோடு', '125க்கு மேல், நேர்கோடு'. மஞ்சள் வீட்டு வௌவாலும் பிப்பிஸ்ட்ரெல்லும் ஒன்றன்மேல் ஒன்று விழும் இடத்தில் 'இரண்டில் ஒன்று' என்று எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிடித்துப் பார்த்தால் உறுதியாகத் தெரியுமே என்பார்கள். அதற்கு வனத்துறை அனுமதி, பயிற்சி, தடுப்பூசி எல்லாம் வேண்டும். தன்னார்வலர் கை வைக்கக் கூடாத வேலை அது. கீழே விழுந்து கிடப்பதைக்கூட வெறுங்கையால் தொடக் கூடாது.

எண்ணிக்கையிலும் அதே எச்சரிக்கை. விளக்கைச் சுற்றும் ஒரே வௌவால் மைக்கை நாற்பது முறை கடந்தால் பதிவில் நாற்பது வரும். ஆகவே 'நாற்பது வௌவால்' என்று எழுதாமல் 'நாற்பது கடப்பு' என்று எழுத வேண்டும். போன வருடம் இதே மாதம், இதே இடம், இதே கருவியில் எண்பது கடப்பு, இந்த வருடம் நாற்பது என்றால், அங்கே ஏதோ மாறியிருக்கிறது என்று சொல்லலாம். அதற்கு மேல் சொல்ல வேறு சான்று வேண்டும். ஒன்றுமே பதிவாகாத இரவையும் அதே ஒழுங்கோடு எழுதி வைக்க வேண்டும். தன்னார்வலர்கள் சோர்ந்து விட்டுவிடுவது அந்த இரவுகளைத்தான்.

ஏன் வடசென்னை

சென்னையில் இயற்கை பார்க்கப் போகிறவர்கள் கிண்டி, அடையாறு, பள்ளிக்கரணை என்று தெற்கே போவார்கள். வடக்கே வருவது பெரும்பாலும் மாசு பற்றிப் பேசத்தான். அதுவும் தேவைதான். ஆனால் பூச்சியுண்ணி வௌவாலுக்கு வேண்டியது எல்லாம் இங்கே ஒரு விசித்திரக் கலவையாகக் கிடக்கிறது. புழல், ரெட்டேரி, மாதவரம் ஏரி நீர்ப்பரப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எண்ணூர் வரை வெட்டிய பக்கிங்காம் கால்வாய், இன்று சாக்கடை. சாக்கடையில் பூச்சிக்குப் பஞ்சமில்லை. பல பத்தாண்டுகளாகக் குப்பை கொட்டப்பட்ட கொடுங்கையூர். ராயபுரம், மண்ணடிப் பக்கத்துப் பழைய ஓட்டுக்கூரைக் கிடங்குகள். காட்டுப்பள்ளி வரை மிச்சமிருக்கும் பனைகள். இந்தப் பக்கம் துறைமுகத்தின் ஹைமாஸ்ட் விளக்குகள்.

விளக்கு விஷயம் இரண்டு பக்கமும் வெட்டும். பிப்பிஸ்ட்ரெல், மஞ்சள் வீட்டு வௌவால் இரண்டும் விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பிடிக்கத் தயங்காது. இலைமூக்கு போன்ற மெதுவாகப் பறக்கும் வௌவால்கள் வெளிச்சத்தைக் கண்டால் ஒதுங்கும். பழைய பாதரச விளக்கில் புறஊதாக் கதிர் இருந்ததால் பூச்சி மொய்த்தது, எல்.இ.டி.யில் அது இல்லாததால் பூச்சியும் குறைவு. ஒரு தெருவின் விளக்கை மாற்றினால் அங்கே யார் சாப்பிடுகிறார்கள் என்பதும் மாறும். பழைய கிடங்கு ஒன்றை இடித்தாலும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகம் வரை படிந்தபோது, கூழைக்கடாக்களின் இறகில் அது ஒட்டியதை எல்லாரும் படத்தில் பார்த்தோம். நீரில் வளர்ந்து மேலே பறக்கும் பூச்சிகளுக்கும், அவற்றைத் தின்பவற்றுக்கும் என்ன ஆனது என்பதைப் படம் காட்டாது. அதற்கு வெள்ளத்துக்கு முன்னால் எடுத்த பதிவும் பின்னால் எடுத்த பதிவும் வேண்டும்.

வௌவாலைப் பற்றிப் பேசினால் இரண்டு கேள்வி கட்டாயம் வரும். முதலாவது நோய். 2020க்குப் பிறகு அது இயல்புதான். பழந்தின்னி வௌவால்களில் நிபா வைரஸ் இருப்பது இந்தியாவில் உறுதியான விஷயம். கடித்த பழத்தைச் சாப்பிடாமல் இருப்பதும், தங்கும் மரத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்பதும்தான் அதற்கு வழி. பட்டாசு வெடித்து விரட்டினால் மிரண்டு ஊரெல்லாம் சிதறும். தெருவில் நின்று சத்தம் கேட்பதால் யாருக்கும் எதுவும் தொற்றாது. பழந்தின்னிகளை எலி, காக்கையோடு சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்திருந்த சட்டப்பிரிவு, 2022இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோதுதான் போனது என்பதையும் சொல்லி வைக்கலாம்.

இரண்டாவது கொசு. 'ஒரு வௌவால் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் கொசு தின்னும்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்ப வேண்டாம். கிரிஃபினும் கூட்டாளிகளும் 1960இல் ஒரு அறைக்குள் கொசுவைக் கொட்டி வௌவாலை விட்டுப் பார்த்தபோது நிமிடத்துக்குப் பத்து வரை பிடித்தது. அதை அறுபதால் பெருக்கிய பிறகு, வாய்க்கு வாய் வளர்ந்ததுதான் மீதி. திறந்த வெளியில் வௌவால் அந்துப்பூச்சி, வண்டு, ஈசல் என்று கிடைத்ததைத் தின்னும், அதில் கொசுவும் உண்டு. வடசென்னையின் கொசுத் தொல்லைக்குக் கால்வாயைத் தூர்வாருவதற்குப் பதிலாக வௌவாலைக் காட்டினால் மாநகராட்சிதான் சந்தோஷப்படும்.

கடைசியாகப் பதிவுகளின் கதி. 384 கிலோஹெர்ட்ஸில் ஒரு மணி நேரம் பதிந்தால் இரண்டே முக்கால் ஜி.பி. பிடிக்கும். இரவு முழுக்க ஓடினால் முப்பதைத் தாண்டும். சத்தம் வந்தால் மட்டும் பதியும்படி வைத்தால் குறையும், ஆனால் லாரி பிரேக்குக்கெல்லாம் அது விழித்துக்கொள்ளும். இடம் போதவில்லை என்று பட்டியலை வைத்துக்கொண்டு ஒலிக்கோப்பை அழிக்கத் தோன்றும். அழிக்கக் கூடாது. ஐரோப்பாவில் ஒரே இனம் என்று நம்பிய பிப்பிஸ்ட்ரெல் 1990களில் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று 45லும் இன்னொன்று 55லும் கத்தியதுதான் முதல் துப்பு, மரபணு பிறகு உறுதி செய்தது. அதற்கு முன்னால் வெறும் 'பிப்பிஸ்ட்ரெல்' என்று தாளில் எழுதிய குறிப்பை இன்று எந்தப் பக்கம் சேர்ப்பது? ஒலி இருந்தால் கேட்டுப் பிரித்துவிடலாம். ஆகவே இரண்டு ஹார்டு டிஸ்க், இரண்டு வீடு, தேதியும் இடமும் கோப்பின் பெயரிலேயே. அதில் ஒரு வீடாவது மாடியில் இருக்கட்டும். டிசம்பர் மாதம் வியாசர்பாடியில் தரைத்தளத்தில் எதை வைத்தாலும் உத்தரவாதமில்லை.